நூற்றுப் பன்னிரண்டாம் மரம்

தம்பி,

இதை உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் காட்டுக் காவலர் சின்னதுரை அண்ணனைத் திருடன் என்று நீ சொன்னது மூடிய அறைக்குள் இல்லை. நான் முன்பு வேலை பார்த்த ஆபீஸ் வாசலில், இருபது பேர் நிற்க, பெரிய டிவியில் சிவப்புப் புள்ளிகளைக் காட்டிச் சொன்னாய். அன்று சாயங்காலத்துக்குள் அது செந்துறை டீக்கடை வரைக்கும் போய்விட்டது. ஊர் முன்னால் போன பெயரை ஒட்டிய உறைக்குள் வைத்துத் திருப்பித் தர முடியாது. அதனால்தான் நம் பக்கத்துப் பத்திரிகைக்காரரிடம் கொடுத்து, ஒரு வரியும் வெட்டாமல் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அந்த ஆபீஸின் பெயரையும் உன் கம்பெனியின் பெயரையும் உன் பெயரையும் எழுதவில்லை. பாசத்தால் மறைத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. குற்றம் என்னிடமிருந்து தொடங்கியது, மற்றவர்கள் பெயர் இப்போதைக்குத் தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் நீ விமானம் ஏறுகிறாய். அரியலூர்ப் பக்கத்துக் காட்டுக்கு நீ போட்ட திட்டத்தை வெளிநாட்டு மேடையில் விளக்கப் போகிறாய். என்ன திட்டம் என்று எனக்குப் புரியும்படி நீயே ஒருமுறை சொன்னாய். காடு ஒரு வருடத்தில் எவ்வளவு வளர்கிறதோ அதற்கு மேல் வெட்டக்கூடாது. எந்தத் துண்டை எந்த வருடம் வெட்டலாம், எதைத் தொடாமல் விடலாம் என்பதைப் பத்து வருடத்துக்கு மென்பொருளே கணக்குப் போட்டுத் தந்துவிடும். நல்ல எண்ணம்தான், அதை நான் கேலி செய்யவில்லை. அதைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு லேப்டாப்பைத் திருப்பி, நீ எல்லா மேடையிலும் முதலில் காட்டும் படத்தைக் காட்டினாய். நூற்றுப் பன்னிரண்டாம் எண் உசிலை மரம். வருடா வருடம் அதன் பருமன் ஏறுவதைக் காட்டும் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக ஏறிக்கொண்டே போனது. "இந்த ஒரு மரம் போதும்மா, நம்ம காடு எவ்வளவு ஆரோக்கியமா இருக்குன்னு சொல்றதுக்கு. அதுவும் நீ ஏத்துன டேட்டா" என்றாய். நான் என்ன செய்தேன்? "இன்னொரு தோசை ஊத்தட்டுமா?" என்று கேட்டேன்.

அந்த மரம் நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போதே செத்துவிட்டது, தம்பி.

உன் அப்பா சுண்ணாம்புக்கல் லாரியோடு கவிழ்ந்து போனபோது உனக்குப் பத்து வயது. மறுவருடம் நான் அந்த ஆபீஸில் ஒப்பந்தக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். அந்தப் பன்னிரண்டாவது மாதம் வரும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. என் வேலை, காட்டுக் காவலர்கள் கொண்டுவரும் நோட்டுகளை மென்பொருளில் ஏற்றுவது. காட்டுக்கு நடுவில் ஒரு ஏக்கர் அளவுக்கு மாதிரித் திட்டு ஒன்று உண்டு. அதிலுள்ள முந்நூறு மரத்துக்கும் தகரத் தகட்டில் எண் அடித்து ஆணியில் மாட்டியிருப்பார்கள். பொங்கல் முடிந்ததும் காவலர் போய் ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சு உயரத்தில் நாடா பிடித்து அளந்து எழுதிக்கொண்டு வருவார். அந்த முந்நூறை வைத்துத்தான் மொத்தக் காடும் எவ்வளவு வளர்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும். சோற்றுப் பதம் பார்க்க நாம் நாலு பருக்கையை எடுத்து நசுக்குவதுபோலத்தான். அந்தப் பருக்கையில்தான் நான் கை வைத்தேன்.

நோட்டில் சில மரங்களுக்கு நேரே எண் இருக்காது, ஒரு படுக்கைக் கோடுதான் இருக்கும். கம்ப்யூட்டரில் கோடு போட்டால் கட்டம் சிவப்பாகிவிடும். காலியாக விட்டாலும் சிவப்புதான். ஒரு கட்டம் சிவப்பாக இருந்தால் போதும், அத்தனை பக்கமும் சேமிக்காமல் நின்றுவிடும். மேலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "காலியா இருந்தா மேல இருந்து திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. போன வருசத்து அளவோட ரெண்டு சென்டிமீட்டர் கூட்டிப் போட்டு வுடுங்க. மரம்னா வளரத்தானே செய்யும்?" நானும் அப்படியே போட்டேன். சிவப்பு பச்சையானது. வேலை சுத்தமாக முடிந்தது என்று எனக்கு நல்ல பெயர்கூடக் கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்து சின்னதுரை அண்ணன் நோட்டைக் கொடுத்துவிட்டு, செந்துறை பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். சும்மாதான் கேட்டேன், "அண்ணே, இந்தக் கோடு என்னங்க? அளக்க முடியலைன்னா?" அவர் சிரித்தார். "செத்துப்போச்சு தங்கச்சி. செத்ததுக்குப் போயி என்னத்தை நாடா புடிக்கிறது? எங்க ஆளுங்க எல்லாரும் கோடுதான் போடுவாங்க. ஏன், நீங்க என்ன போடுறீங்க?" அவர் என் திரையை எட்டிப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டுக்கு நேரே நான் அடித்திருந்த எண்ணைப் படித்தார். "அட, நீங்க உசுரு குடுத்துட்டீங்க" என்றார். பஸ் வந்துவிட்டது, எழுந்து போய்விட்டார். அது எனக்குப் பன்னிரண்டாவது மாதம். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வருடமும் இரண்டு சென்டிமீட்டர் கூட்டினேன். அதற்கடுத்த வருடமும் கூட்டினேன். தெரியாமல் செய்தது இரண்டு வருடம், தெரிந்தே செய்தது ஒன்பது வருடம். இந்தப் பக்கத்துக்கு மட்டுமல்ல, பெரம்பலூர்ப் பக்கத்து நோட்டுகளும் என் கையில்தான் ஏறின.

இப்போது ஒன்று ஞாபகம் வருகிறது, உனக்கும் மறந்திருக்காது. ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தை நீ காலியாக விட்டிருந்தாய். எந்த இடமும் காலியாக இருக்கக்கூடாது என்று வாத்தியார் சொல்ல, நீ "லாரி டிரைவர்" என்று எழுதிவிட்டு வந்தாய். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. "செத்தவரை இருக்குற மாதிரி எழுதுவியா?" என்று கேட்டு உன் கன்னத்தில் அறைந்தேன். நீ அழவில்லை. ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த அறையை வாங்க வேண்டிய கன்னம் எது என்பது எனக்குத் தெரிய மூன்று வருடம்கூட ஆகவில்லை. உன்னிடம் ஒருநாளும் அதைச் சொல்லாமல் விட்டதற்கு என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ மன்னித்துவிட்டால் எனக்குச் சௌகரியமாகப் போய்விடும்.

ஆனால் உன் மேலும் எனக்கு ஆத்திரம் இருக்கிறது. நான் பன்னிரண்டாம் வகுப்பு, நீ பெரிய படிப்பு. ஒரு மரம் வருடம் தவறாமல் இரண்டு சென்டிமீட்டர் பருக்கிறது என்றால் உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? நம் ஊரில் மழை ஒரு வருடம் போல ஒரு வருடம் பெய்திருக்கிறதா? ஏரி வெடித்துக் கிடந்த வருடத்திலும் இரண்டு, ஊரே தண்ணீரில் நின்ற வருடத்திலும் இரண்டு. உயிரோடிருக்கும் எதுவும் அவ்வளவு ஒழுங்காக வளராது. நீயே ஒரு வருடம் பேண்ட் எட்டாமல் வளர்ந்தாய், அடுத்த வருடம் அப்படியே நின்றாய். நேர்கோட்டைப் பார்த்ததும் உனக்குச் சந்தோஷம் வந்ததே தவிர, ஒருநாள் பஸ் ஏறிப் போய் அந்த மரத்தைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. உன் மென்பொருள் செத்த மரங்களையும் சேர்த்து வளர்ச்சி போட்டு, செந்துறைப் பக்கத்துத் துண்டில் இவ்வளவு வெட்டலாம் என்றது. வெட்டினார்கள். போன மாதம் அந்த வழியாகப் பஸ்ஸில் போனேன். முன்பு ரோட்டிலிருந்து பார்த்தால் மரம் தவிர ஒன்றும் தெரியாது. இப்போது அந்தப் பக்கத்து ஊரின் செல்போன் டவர் தெரிகிறது.

பிறகு நீங்கள் ட்ரோன் விட்டு மேலிருந்து மரங்களை எண்ணினீர்கள். மாதிரித் திட்டில் கணக்குப்படி இருக்க வேண்டிய மரங்களில் அறுபத்து மூன்று இல்லை. உன் கம்ப்யூட்டர் அறுபத்து மூன்று சிவப்புப் புள்ளி வைத்து, "காணாமல் போனவை" என்று பட்டியல் போட்டது. அதில் நூற்றுப் பன்னிரண்டும் இருந்தது, உன் மேடைப் படம் மட்டும் மாறவில்லை. காணாமல் போனால் எடுத்தவன் ஒருவன் இருக்க வேண்டுமே. காவலுக்கு இருந்தவரைக் கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு நீ ஊருக்கு வந்திருக்கிறாய் என்று தக்காளி சாதம் கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, டிபன் பாக்ஸோடு ஆபீஸுக்கு வந்து புங்க மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் கேட்டேன். சின்னதுரை அண்ணன் மஞ்சப்பையிலிருந்து ஒரு கம்பி வளையத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் தகரத் தகடுகள் கோத்திருந்தன. "செத்த மரத்துத் தகடுங்க சார். மரம் வுழுந்ததும் கழட்டிக் கோத்து வச்சிடுவேன். எல்லாம் சரியா இருக்கு, எண்ணிப் பாருங்க." நீ அதைத் தொடவே இல்லை. "வெட்டினவன்கிட்டதானே தகடு இருக்கும்? உன்கிட்ட எப்படி வந்துச்சு?" என்றாய். அறுபதை நெருங்கிய மனிதரை 'உன்கிட்ட' என்றாய். அவர் நிதானமாகத்தான் பேசினார். "நோட்டுல கோடு போட்டிருக்கேன் தம்பி. எந்த வருசம் எது செத்துச்சுன்னு எல்லாத்துக்கும் கோடு இருக்கு." நோட்டெல்லாம் பழைய பேப்பரோடு எப்போதோ போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். நீ திரையைக் காட்டினாய். "இதுல ஒரு கோடும் இல்ல. இந்த மரம் எல்லாம் வருசா வருசம் வளர்ந்திருக்கு. மிஷின் பொய் சொல்லாது. மனுசன்தான் சொல்லுவான்."

அப்போது அவர் திரும்பிப் பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். நான் டிபன் பாக்ஸ் மூடியை அழுத்திக்கொண்டிருந்தேன். அவர் கம்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நீ அன்று தக்காளி சாதம் நன்றாக இருந்தது என்றாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியாருக்கு உன் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்கிட்ட சொன்னது பத்தாதும்மா. யாரு பேரு போச்சோ அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார். அங்கிருந்தே உனக்குப் போன் போட்டேன். கோயில் வாசலில் பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள், ஒரே சத்தம். ஆனாலும் நீ சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. நான் முடித்ததும் சொன்னாய்: "அம்மா, இதை இப்ப கிளறாத. மொத்தத் திட்டமும் நின்னுடும். பெரம்பலூர் சைடும் நம்மகிட்டதான் வரப்போவுது. அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிக்கலாம். அந்த ஆளுக்கு நான் வேற ஏதாச்சும் வழி பண்ணி வுடுறேன்."

நான் செய்தது கோழைத்தனம். நீ செய்வதற்கு என்ன பெயர் என்று யோசித்துப் பார்த்தேன். நான் பொய் என்று தெரிந்த பிறகும் ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உனக்கு மூடிக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என்னிடம்தான் கற்றுக்கொண்டாய் என்று சொன்னால் இரண்டு பேருக்கும் ஆறுதலாக இருக்கும். எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். அடுத்த வெர்ஷன் வரும்போது சின்னதுரை அண்ணன் எந்தக் கடையில் நின்று டீ குடிப்பார்? பெரம்பலூர்ப் பக்கம் நான் உயிர் கொடுத்த மரங்களுக்கு அங்கே எந்தக் காவலரைக் கூப்பிட்டு நிறுத்துவாய்?

பரணில் ஏறினேன். வீட்டில் வைத்துச் சரிபார்ப்பதற்காக அந்தக் காலத்தில் எடுத்துவந்த நோட்டு ஜெராக்ஸ் கட்டு அப்படியே இருந்தது. கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது, எழுத்தைத் தொடவில்லை. தாள்களின் பின்பக்கத்தில் நீ கணக்குப் போட்டுப் பழகியிருக்கிறாய். நூற்றுப் பன்னிரண்டுக்கு முதல் கோடு விழுந்த தாளின் பின்னால் உன் எட்டாம் வகுப்பு இயற்கணிதம் இருக்கிறது. ஒரு கணக்கில் விடை வராமல் கேள்விக்குறி போட்டு விட்டிருக்கிறாய். அந்த வயதில் உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று விடத் தெரிந்திருக்கிறது.

கட்டை எடுத்துக்கொண்டு செந்துறைக்குப் பக்கத்தில் உள்ள அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மல்லிகாதான் வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "இப்ப எதுக்கு வந்தீங்க? வூட்டுக்குள்ள இன்னும் ஏதாச்சும் மரம் இருக்கான்னு பாக்கவா?" என்றாள். அந்த வார்த்தைக்காகத்தான் நான் போனேன் என்று தோன்றியது. அவர் உள்ளேயிருந்து, "உட்காருங்க தங்கச்சி. ஏ, தண்ணி கொண்டா" என்றார். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "அன்னைக்கே நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றார். வேறு ஒன்றும் திட்டவில்லை. மல்லிகா திட்டினாள், நன்றாகவே திட்டினாள். நான் தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன்.

பிறகு ஆணியில் தொங்கிய கம்பியை எடுத்துத் தரையில் பரப்பி, மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவர் தகட்டை எடுத்து எண்ணைச் சொல்வார், நான் ஜெராக்ஸில் கோட்டைத் தேடுவேன், மல்லிகா சரி பார்த்த தகட்டைத் தனியே நகர்த்துவாள். அறுபத்தொன்றுக்குக் கோடு இருந்தது. இரண்டுக்கு இல்லை. "அது ரெண்டும் வெட்டுனதுதான். வெளியாளு வந்து வெட்டிட்டான், தகடு அங்கயே கெடந்துச்சு. தானா சாகலைங்கிறதால கோடு போடாம காலியா வுட்டேன். அப்பவே எழுதிக் குடுத்தேன், பாருங்க" என்றார். கட்டின் கடைசியில் அந்தத் தாளும் இருந்தது. அவர் தவறாக எழுதியது ஒன்றுகூட இல்லை, தம்பி. தவறாக இருந்ததெல்லாம் நான் அடித்ததுதான். இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஜெராக்ஸோடு சேர்த்து, அந்த ஆபீஸுக்கும் அதற்கு மேலுள்ள ஆபீஸுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். எனக்கு என்ன ஆகுமோ ஆகட்டும்.

உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்திமதி ஒன்றுதான். உன் மென்பொருளில் 'செத்துவிட்டது' என்று எழுத ஓர் இடம் வை. 'தெரியவில்லை' என்று எழுதவும் ஓர் இடம் வை. காலிக் கட்டத்தைப் பார்த்தால் உடனே சிவப்பாகிக் கத்தாதபடி அதை எழுது. அந்தச் சிவப்புக்குப் பயந்துதான் என்னைப் போன்றவர்கள் இரண்டு சென்டிமீட்டர் கூட்டுகிறோம்.

கிளம்பும்போது அவரிடம் நூற்றுப் பன்னிரண்டாம் தகட்டை மட்டும் கேட்டேன், என் மகனுக்கு அனுப்ப வேண்டும் என்று. அவர் யோசித்தார். "ஆபீஸ் சாமானாச்சே. என் பொறுப்புல இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். திருடன் என்று வேலையை விட்டு அனுப்பப்பட்டவர் சொன்னார். ஒரு நோட்டை எடுத்து ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். எடுத்துச் செல்பவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். "திருப்பிக் கொண்டாந்து குடுக்குறது யாரு?" என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். மல்லிகா என்னை முறைத்தாள். அவர் தன் கையாலேயே உன் பெயரை எழுதிக்கொண்டார்.

தகடு இந்த வாரம் கூரியரில் உனக்கு வந்து சேரும். துரு ஏறியிருக்கிறது, எண் தெளிவாகத் தெரியும். அதைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறி அந்த மரம் நன்றாக வளர்கிறது என்று சொல்கிறாயா, செந்துறை பஸ் ஏறுகிறாயா என்பது உன் விருப்பம். ஆனால் அண்ணன் நோட்டில் உன் பெயருக்கு நேரே, திருப்பித் தந்த நாள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. இப்போது அது காலியாக இருக்கிறது. அவர் அங்கே ஒரு கோடு போடும்படி வைத்துவிடாதே.

உன் அம்மா